தொண்ணூற்றோராவது நாள்

குன்சான்,
ஏப்ரல் 27

டேகூனுக்கு அம்மா எழுதறது. இங்க நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், நீ அங்க நல்லா இருக்கியான்னுதான் ஆரம்பிக்கணும், ஆரம்பிச்சாச்சு, அதுல பாதி பொய். அப்பாவுக்கு இடுப்பு வலி திரும்பி வந்து டாக்ஸியை ரெண்டு வாரமா வெளியில எடுக்கல. எனக்குப் படுத்தா தூக்கம் வரல. நீ மட்டும் நல்லா இருக்கேன்னு தெரியும், ஏன்னா அந்த இறைச்சி ஃபேக்டரி வாசல்ல வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு பல்லைக் காட்டிட்டு நிக்கற உன் போட்டோவை உன் சிநேகிதன் போட்டிருந்தான், பார்த்தேன். போன்ல நான் அனுப்பின இருபத்தி மூணு செய்தி பக்கத்துலயும் நீ இன்னும் படிக்கலைங்கறதுக்கான மஞ்சள் கலர் ஒண்ணாம் நம்பர் அப்படியே நிக்குது. படிக்காமலே உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்டா, அதான் திறக்க மாட்டேங்கறே. அதனாலதான் தபால். கையெழுத்து வாங்கிட்டுக் கொடுக்கற தபாலா போட்டிருக்கேன், இதை வாங்கலைன்னு நீ யாருகிட்டயும் சொல்ல முடியாது. அப்பா உன் பேரை இந்த வீட்டுல எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். சொல்லிட்டு தினமும் சாயங்காலம், இப்போ ப்ரிஸ்பேன்ல மணி என்ன இருக்கும்னு என்னைக் கேக்கறார். ஒரு மணி நேரம்தான் வித்தியாசம், நேத்து சொன்னதுதான் இன்னைக்கும்னு சொல்லிட்டு நான் பாத்திரம் கழுவப் போயிடறேன்.

கும்-ஓக் பெரியம்மாவுக்கு வயித்துல முக்கால்வாசியை எடுத்துட்டாங்க. ரெண்டாவது தடவை மருந்து ஏத்தி எட்டு நாள் ஆகுது. கஞ்சி அஞ்சு ஸ்பூனுக்கு மேல இறங்கல, இறங்கினதும் நிக்கல. முடி போச்சு, அதுக்கு ஒரு ஊதாத் தொப்பி பின்னிப் போட்டுக்கிட்டிருக்காங்க, அசிங்கமா இருக்குன்னு சொன்னேன், நீ பின்னிக் கொடுத்தா இதைவிட அசிங்கமா இருக்கும்னாங்க. அப்படியே போய் மீன் சந்தையில கடையைத் திறந்து வெச்சு உட்கார்ந்திருக்காங்க, ஏன்னா கடைக்கு வாடகை இருக்கு, அவங்க புருஷன் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகுது, கொள்ளி போட ஒரு பிள்ளை கிடையாது. நாக்கு மீனைக் கழுவிக் காயப்போடற வேலையை நான் காலையில போய்ப் பண்ணிட்டு வரேன். ரத்த சொந்தம் இல்லாமலே உன்னைத் தன் சொந்தப் பிள்ளை மாதிரின்னு அவங்க சொல்லும்போதெல்லாம் நான் பூரிச்சுப் போவேன், இப்போ அந்த வார்த்தையை அவங்க வாயில கேட்டா எழுந்து வெளியில போயிடறேன். முந்தாநாள்கூட, டேகூனுக்கு அங்க சாப்பாடு ஒத்துக்குதா, ரொட்டியா தின்னுட்டுக் கிடக்கப் போறான்னாங்க. நான் மீனைத் திருப்பிப் போடப் போயிட்டேன்.

நீ மறந்திருப்பே, அதனால நடந்ததை வரிசையா எழுதறேன். நவம்பர் இருபத்தஞ்சு, ஞாயித்துக்கிழமை, பெரியம்மா கடைக்குப் பின்னால நாங்க எட்டு பொம்பளைங்க சேர்ந்து கிம்ச்சி போட்டோம். இருநூறு முட்டைக்கோஸ். கறி நறுக்கற என்னைத் தவிர எல்லார் கையிலயும் முழங்கை வரைக்கும் ரப்பர் கிளவுஸ், மிளகாய் விழுது சொட்டுது. அந்த நேரம் பார்த்து நீ இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டா கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு டேப்லெட் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்தே. நம்ம பசங்கள்ள எவன் கிம்ச்சி போடற இடத்துக்கு சூட்டு போட்டுட்டு வருவான், அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். நான் இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பெரியம்மாவுக்குப் போட்டுக் கொடுத்த புற்றுநோய் பாலிசி, பிரீமியம் ஏறவே ஏறாத பாலிசி, இன்னைக்கு எந்த கம்பெனியும் அந்த மாதிரி ஒண்ணை விக்காது, அதைப் பழசுன்னே. அதுல புது மருந்துக்கெல்லாம் காசு வராது, நம்ம கம்பெனியிலயே புதுசா ஒண்ணு வந்திருக்கு, இதை முடிச்சுட்டு அதை எடுத்துக்கோங்க பெரியம்மா, எல்லாம் உள்ளயே அடங்கியிருக்குன்னே. புதுசுல சேர்ந்து தொண்ணூறு நாளைக்குள்ள புற்றுநோய் கண்டுபிடிச்சா ஒரு வோன் கிடையாதுன்னு ஒரு வரி இருக்கே, அதைச் சொன்னியா? நான் பக்கத்துலதான் பன்னிக்கறி நறுக்கிட்டிருந்தேன். என் காதுல விழல. விழாததை நானும் கேக்கல. என் பிள்ளை வாய் திறந்து விக்கறான், எட்டு பொம்பளை பாக்கறாங்க, எனக்கு அந்தக் கறியை விடப் பெருமை ருசியா இருந்தது. கையெழுத்து விஷயத்துக்கு அப்புறம் வரேன், அதை எழுதறதுக்கு முன்னாடி ஒரு வாய் தண்ணி குடிக்கணும்.

அடுத்த மாசமே உனக்கு ஒரு வருஷக் கமிஷன் மொத்தமா வந்துடுச்சு. பெரியம்மா பன்னெண்டு மாசம் கட்டப் போற பிரீமியம், அவங்க ரெண்டே மாசம்தான் கட்டியிருந்தாங்க, மீதி பத்து மாசத்துக் கூலியை கம்பெனி உன் கணக்குல கொட்டிடுச்சு. அந்த மாசம் நீ அப்படி மாத்தினது ஏழு பேரு. மத்த ஆறு பேர் வீட்டுக்கும் நான் போயிட்டு வந்துட்டேன், ஆண்டவன் புண்ணியத்துல யாருக்கும் ஒண்ணும் ஆகல, பழையதைத் திரும்பக் கேட்டு எழுதிக் கொடுத்துட்டாங்க, போற இடத்துல எல்லாம் தலையைக் குனிஞ்சு நின்னேன். டிசம்பர் கடைசியில நீ ஒரு கவர்ல பணத்தை வெச்சு எனக்கு ரெண்டு கையாலயும் நீட்டினே. நான் வாங்கினேன், வாங்கி அந்தப் பழுப்புக் கலர் குளிர் கோட்டு எடுத்தேன், அதைப் போட்டுக்கிட்டு சந்தைக்குப் போய் பெரியம்மாகிட்டயே காட்டினேன். அவங்க துணியைத் தடவிப் பார்த்து, பிள்ளை பெத்தா இப்படிப் பெக்கணும்டீன்னாங்க. அவங்க பாலிசியைக் கொன்ன காசுல வந்த கோட்டு. இப்போ உன் ரூம் அலமாரியில தொங்குது, நீ வந்து எடுத்துக்கோ, நான் தொட மாட்டேன். ஜனவரி நடுவுல, சந்திரப் புத்தாண்டுக்கு முன்னோருக்குப் படைக்கறதுக்குக் கூட நிக்காம, நீ விமானம் ஏறிட்டே.

போன மாசம் எங்க கிளைக் கூட்டத்துல மேனேஜர் ஹ்வாங், புதுசா சேர்ற பசங்களுக்கு கமிஷனை இன்னும் சீக்கிரம், பாலிசி போட்ட வாரத்துலயே கொடுக்கலாம்னு மேலிடத்துல யோசிக்கறாங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு, எழுந்துட்டேன். கொடுங்க, ஆனா தொண்ணூத்தோராவது நாள் காலையில கொடுங்கன்னேன். வாங்கினவளுக்குப் பாதுகாப்பு ஆரம்பிக்கற அன்னைக்கு வித்தவனுக்குக் கூலி ஆரம்பிக்கட்டும், அவ வெறும் கையோட நிக்கற தொண்ணூறு நாளும் இவன் பை ரொம்பி நின்னா அது என்ன நியாயம்னேன். ஹ்வாங் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, மேடம், மூணு மாசம் பசங்க தண்ணியைக் குடிச்சுட்டு ஓடுவாங்களான்னார். பின்னாலேர்ந்து ரெண்டு பேரு கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. நானும் தண்ணியைக் குடிச்சுட்டு ஓடினவதான். உன்னை முதுகுல கட்டிக்கிட்டு இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடி இந்த வேலைக்கு வந்தப்போ, அரிசி வாங்க முன்பணம் கேட்டு அன்னைக்கு இருந்த மேனேஜர் முன்னாடி நின்னிருக்கேன், கம்பெனியில அப்படி வழக்கம் இல்லம்மான்னு சொல்லிட்டு அவர் சொந்தப் பையிலேர்ந்து எடுத்துக் கொடுத்தார், அது எனக்கு மறக்கல. அதனால சோத்துக்குக் கொடுங்க, வேண்டாங்கல, புதுசா வந்த பொண்ணு பட்டினி கிடக்கக் கூடாது, ஆனா அதுக்குச் சம்பளம்னு பேரு வெச்சுக் கொடுங்க, யாரோ ஒருத்தியோட பாலிசியை அறுத்து அதுலேர்ந்து கொடுக்காதீங்கன்னேன். அந்தக் காலத்துல எங்களுக்குக் கமிஷன் மாசா மாசம் துளித்துளியா வரும். அவங்க கட்டினாதான் எனக்கு, கட்டலைன்னா எனக்கும் இல்ல, அதனால மழையா இருந்தாலும் பனியா இருந்தாலும் வீடு வீடாப் போவேன், யாரு வீட்டுல யாருக்கு இருமல்னு எனக்குத் தெரியும். உனக்கு மொத்தமா வந்துச்சு, நீ போய்ட்டே. ஹ்வாங் எல்லாத்தையும் கேட்டுட்டு, மேடம் இன்னைக்கு ரத்த அழுத்த மாத்திரை போடலை போலன்னார்.

ஜனவரி கடைசியில பெரியம்மாவுக்கு நெஞ்சுக்குக் கீழ எரிச்சல். அவங்க என்னைக் கூப்பிடல, உன்னைத்தான் கூப்பிட்டாங்க, நீதானே இப்போ அவங்க ஏஜென்ட். அங்க போய் பத்து நாள் ஆகியிருக்கும் உனக்கு. கேமரா விட்டுப் பாக்கணுமா வேண்டாமான்னு கேட்டாங்களாம். போய்ட்டு வந்துடுங்க பெரியம்மா, இதுக்கெல்லாம் என்கிட்ட கேக்கணுமா, இன்ஷூரன்ஸ்தான் இருக்கேன்னு நீ சொன்னியாம். பிப்ரவரி அஞ்சாந்தேதி ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. எழுபத்தி மூணாவது நாள். ஆபீஸ்ல அந்த வாயாடி ஒருத்தி, பதினெட்டு நாள் எரிச்சலைப் பொறுத்துக்கிட்டிருந்தா முழுப் பணமும் வந்திருக்குமேன்னா, அவ கன்னத்துல அறையாம வந்தது என் நல்ல காலம். உனக்கு அந்தத் தொண்ணூறு நாள் ஞாபகத்துலயே இல்லடா. ஞாபகம் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பே, போகாதீங்கன்னா? அப்படிச் சொல்லாததுக்கு உன்னைப் பாராட்டணுமா, மறந்ததுக்குத் திட்டணுமான்னு தெரியாம நான் அன்னைக்கு சந்தை நடுவுல நின்னேன். இப்போ தெளிவாயிடுச்சு, திட்டறதுதான்.

பணம் கேட்டு எழுதினோம், புதுசுல வராதுன்னுட்டாங்க. பழசை உயிர்ப்பிக்க ஒரு வழி இருக்கு. விவரம் சொல்லாம மாத்திட்டாங்கன்னு ஆறு மாசத்துக்குள்ள காட்டினா, பழைய பாலிசியைத் திரும்பக் கொடுத்தே ஆகணும். அந்தப் பணம் வந்தா பெரியம்மா கடையை ரெண்டு வருஷம் மூடி வெச்சுட்டு உடம்பைப் பாக்கலாம். நான் எழுதிக் கொடுத்ததுக்கு கம்பெனிலேர்ந்து வந்த பதில்ல ரெண்டு விஷயம். ஒண்ணு, பாலிசி போட்ட மறுநாள் கம்பெனிலேர்ந்து போன் பண்ணி எல்லாம் புரிஞ்சுதா, நீங்களே கையெழுத்துப் போட்டீங்களான்னு கேப்பாங்களே, அந்தப் பதிவு. பெரியம்மா பதினோரு தடவை ஆமாங்கறாங்க. எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு சொல்லிடுங்க, இல்லைன்னா திரும்பத் திரும்ப போன் பண்ணித் தொந்தரவு பண்ணுவாங்கன்னு சொல்லிக் கொடுத்தது நீ. பின்னால மீன் வெட்டற சத்தம் கூட அதுல கேக்குது. ரெண்டாவது, பழசையும் புதுசையும் ஒப்பிட்டுக் காட்டின தாளுல, தொண்ணூறு நாள் வரிக்கு நேர் கீழ, அவங்க கையெழுத்து.

அது அவங்க கையெழுத்து இல்ல. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கையெல்லாம் மிளகாய், கிளவுஸைக் கழட்டினா திரும்ப மாட்ட அரை மணி ஆகும், நீயே போட்டுடுடீன்னு அவங்க என்னைப் பார்த்துச் சொன்னாங்க, நீயும் ஆமாம்மா நீங்களே போட்டுடுங்கன்னு டேப்லெட்டை என் பக்கம் திருப்பினே. என் கை சுத்தமா இருந்தது. கறி நறுக்கின விரலைத் துடைச்சுட்டு ஏழு இடத்துல கும்-ஓக்னு நான் போட்டேன். இருபத்தேழு வருஷமா, வாடிக்கையாளர் படுத்த படுக்கையா கிடந்தாலும் அவங்க விரலைப் பிடிச்சுப் போடவெப்பேனே தவிர நானாப் போட்டதில்ல. அன்னைக்குப் போட்டேன், என் பிள்ளைக்காக, கண்ணை மூடிக்கிட்டு. உன்னைத் திட்ட ஆரம்பிச்ச கடிதம்தான், ஆனா இந்த ஒரு வரியில நானும் உன் பக்கத்துலயே நிக்கறேன்.

சரி, உண்மையைச் சொல்லிடலாம்னு நான் முடிவு பண்ணி கம்பெனிக்குப் போன் பண்ணினா, விசாரிக்க வந்த ஆளுகிட்ட பெரியம்மா ஏற்கெனவே, நான்தான் போட்டேன், என் கையெழுத்துதான்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. எனக்கு வந்த கோபத்துக்கு நேரா சந்தைக்குப் போனேன். அவங்க ஊதாத் தொப்பியோட உட்கார்ந்து மீன் செதில் சீவிட்டிருக்காங்க. உங்களுக்குப் பைத்தியமா அக்கான்னு கத்தினேன். பக்கத்துக் கடைக்காரங்கல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. அவங்க கத்தியை நிறுத்தல. நீ போட்டேன்னு சொன்னா உன் லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க, இருபத்தேழு வருஷத்தை இந்தக் கால்வாசி வயித்துக்காக அழிக்கணுமா, போடீ, போய் உன் வேலையைப் பாருன்னாங்க. நான் அந்த மீன் தண்ணியிலயே உட்கார்ந்து அழுதேன். அழுதுட்டு மறுநாள் காலையில ஏஜென்ட் லைசென்ஸ் கொடுக்கற அலுவலகம் திறக்கறப்போ வாசல்ல நின்னேன். நான்தான் போட்டேன், இதோ என் கையெழுத்து, ஒப்பிட்டுப் பாத்துக்கோங்கன்னு எழுதிக் கொடுத்தேன். பதினஞ்சாந்தேதியிலேர்ந்து நான் ஏஜென்ட் இல்ல. ஹ்வாங் என் மேஜையிலிருந்த தேநீர்க் கோப்பையை ஒரு டப்பாவுல போட்டுத் தானே தூக்கிட்டு வந்து கொடுத்தார், ஏன் மேடம் இப்படின்னார். அவர் கண்ணு கலங்கியிருந்தது, கமிஷனைப் பத்தி நான் பேசினதையும் மேலிடத்துக்கு எழுதியிருக்காராம். எழுதி என்ன ஆகப்போகுதுன்னு தெரியல.

இவ்வளவு பண்ணியும் போதாதாம். பெரியம்மா தானே போட்டதா ஒரு தடவை சொல்லியாச்சு, இப்போ மாத்திச் சொன்னா ரெண்டு சிநேகிதிங்க சேர்ந்து கதை கட்டறீங்கன்னு சொல்றாங்க. கிம்ச்சி போட்ட மத்த பொம்பளைங்களும் சிநேகிதிங்கதானாம், அவங்க சாட்சி செல்லாதாம், பாலிசியை வித்த ஆளே எழுதிக் கொடுக்கணுமாம். அது நீ. தொண்ணூறு நாளைப் பத்திச் சொல்லல, கையெழுத்து அவங்க போடல, ஆமா சொல்லச் சொல்லிக் கொடுத்தது நான்தான், இந்த மூணு வரி. எழுதினா உன் கமிஷனைத் திருப்பிக் கேப்பாங்க, கேக்கட்டும், நான் கட்ட மாட்டேன், நீதான் கட்டணும், இறைச்சி வெட்டற கைக்கு அது முடியும். உனக்கும் இந்தத் தொழில் இனிமே கிடையாது, அதுல எனக்கு வருத்தமும் கிடையாது. பயந்துக்கிட்டு ஒளியறே, எனக்குத் தெரியுது, சின்ன வயசுல ஏதாவது உடைச்சுட்டா மெத்தை அடுக்குக்குப் பின்னால போய் உட்கார்ந்துப்பியே, அதே பயம். உன்னை மெத்தைக்குப் பின்னாலேர்ந்து காலைப் பிடிச்சு இழுத்தவ நான்தான்.

இதோட அந்தத் தாளை வெச்சிருக்கேன். உன் பேரு, பாஸ்போர்ட் நம்பர், தேதிக்கான இடம் எல்லாம் அச்சுல இருக்கு. மூணு வரி எழுத இடம் விட்டிருக்கு. கையெழுத்துப் போடற இடத்துல பென்சில்ல ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டிருக்கேன். மே இருபத்தி நாலாந்தேதிக்குள்ள அது இங்க கம்பெனி கைக்கு வரணும், தபால் அங்கேயிருந்து வர எட்டு நாள் ஆகும்னு சொன்னாங்க, கணக்குப் பண்ணிக்கோ. ராத்திரி ஷிஃப்டு முடிஞ்சு ஈரத் தலையோட படுக்காதே. அந்த இறைச்சி ஃபேக்டரிக் கத்தி கூர்மையா இருக்கும், விரலைப் பாத்துக்கோ, கையில இரும்பு வலைக் கிளவுஸ் போட்டு வெட்டு. வேளைக்குச் சாப்பிடு. பெரியம்மா அன்னைக்குப் போட்ட கிம்ச்சி இப்போதான் பதமா புளிச்சிருக்கு, உனக்குன்னு ஒரு டப்பா தனியா எடுத்து வெச்சிருக்காங்க, நான் வேண்டாம்னு சொல்லியும் கேக்கல. நீ நல்ல மனுஷனா இருக்கணும், அதைத் தவிர எனக்கு வேற ஆசீர்வாதம் தோணல.

ஒண்ணு சொல்லிடறேன். நேத்து ராத்திரி இந்தத் தாளை மேஜை மேல வெச்சுட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூட ரிப்போர்ட்லேர்ந்து வங்கிச் சீட்டு வரைக்கும் உன் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடம், அந்தக் கடைசிக் கோட்டை மேல இழுக்கறது வரைக்கும் அச்சா போட என்னால முடியும். பேனா கையில இருந்தது, அப்பா தூங்கிட்டார், கேக்க ஒருத்தரும் இல்ல. போடலடா. உன் கையால போட்டு அனுப்பு.

தன் கையாலேயே எழுதிக் கையெழுத்திடும்,
உன் அம்மா,
மோக் யங்-நான்